ஜனவரி எட்டாம் தேதிப் புலி

பைஹே
3 நவம்பர் 1994

அக்கா மகள் ருயிலானுக்கு,

இப்போது நான் சொல்லப்போவதை இந்தப் பூமியில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று என் சலூனில் உள்ள ஏழு சவரக் கத்திகள் மீதும் ஆணையிட்டு உறுதி கூறுகிறேன். நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்துகொள்.

நான் புலி இல்லை.

நாற்பத்து நான்கு வருடமாக, பன்னிரண்டு மிருக ஆண்டுகளில் நான் பிறந்தது புலி ஆண்டு என்று ஊரும் உறவும் நானும் சேர்ந்து ஏமாந்திருக்கிறோம். நான் எருது. சாதுவான, பொறுமையான, வாய் திறக்காத எருது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஒருவருக்குப் பாதி முகம் சவரம் செய்திருந்தேன். உன் மூன்று பக்கத்தையும் படித்து நிமிர்ந்தபோது அந்தப் பாதியில் தாடி திரும்ப முளைத்துவிட்டது. கல்யாணம் டிசம்பர் இருபத்து நான்கு; பஞ்சாங்கப்படி அது குரங்கு நாள்; குரங்கு நாள் புலிக்கு ஆகாது; மணப்பெண் வீட்டை விட்டு இறங்கும்போது புலி ஆண்டில் பிறந்தவன் கண் அவள் மேல் படக் கூடாது என்கிறார் உன் வருங்கால மாமியார் மெங் அம்மாள். ஆகவே நான் அரை மணி நேரம் எங்காவது சந்தில் ஒதுங்கி நின்றுவிட்டு, பிறகு நேராக விருந்துக்கு வந்து தாய்மாமனுக்கு உரிய தலைமை இருக்கையில் உட்கார்ந்தால் போதும். இதைத்தானே சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறாய்?

பெண்ணே, நாற்காலியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். உன் கால் தரையில் படாமல் நாலாவது மாடியிலிருந்து கார் வரைக்கும் உன்னை முதுகில் சுமந்து இறக்குவது யார்? அண்ணன் தம்பி இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன் முதுகுதான் பல்லக்கு. அதை நீ ஒரே வரியில் தாண்டிவிட்டாய். "தோழியின் அண்ணன் பலசாலி, அவர் சுமப்பார்." பலசாலி! நம் ஊர்ப் பாலத்தை ஒரு வெள்ளத்தில் முழு நாள் தோளில் தாங்கி நின்ற ஆளைப் பார்த்து இப்படி எழுதலாமா?

இனி ஆதாரம். எனக்கு எட்டு வயதாகும்போது குடும்பப் பதிவேடு எழுத ஓர் எழுத்தர் வந்தார். "பையன் எப்ப பொறந்தான்?" என்று கேட்டார். என் அம்மா, "மொத மாசம் எட்டாம் நாளு" என்றாள். நம் நிலாக் கணக்கில் சொன்னாள். எழுத்தர் அதை அப்படியே 1950, ஜனவரி எட்டு என்று எழுதிக்கொண்டு போனார். என் அடையாள அட்டையிலும் இன்றுவரை அதுதான். இப்போது பஞ்சாங்கத்தைப் பார். அந்த வருடம் நம் புத்தாண்டு பிறந்தது பிப்ரவரி பதினேழில். ஜனவரி எட்டில் எருது ஆண்டு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் மிச்சம். அரசாங்க முத்திரை குத்திய எருது நான். மெங் அம்மாள் என்னோடு மோதலாம், அரசாங்கத்தோடு மோதுவாரா?

வெற்றி நமதே.

உன் எருது மாமா,
பாவ்லின்

*

லுவோயாங்
12 நவம்பர் 1994

மாமா,

நெசவாலையில் நாள் முழுக்க விளக்குக்கு மேலே துணியை ஓடவிட்டுப் பிழை தேடுவதுதான் என் வேலை என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கடிதத்தையும் அப்படியே படித்தேன்.

நீங்கள் பிறந்த அன்று மருத்துவச்சியைக் கூப்பிட ஓடியது ஒன்பது வயதான என் அம்மா. புத்தாண்டுக்கு வெடித்த பட்டாசுக் காகிதம் முற்றத்தில் இன்னும் சிவப்பாகக் கிடந்தது, அதில் வழுக்கி விழுந்தேன் என்று முழங்கால் தழும்பைக் காட்டுவாள். புத்தாண்டு முடிந்த பிறகு பிறந்தவர் எருது ஆக முடியாது. எழுத்தரின் பிழையை வைத்து வேஷம் போடாதீர்கள்.

அது போகட்டும். கல்யாண ஊர்வலத்தைப் பார்த்து ஹாரன் அடித்தார் என்று பஸ் டிரைவரைக் கீழே இறக்கி மன்னிப்புக் கேட்க வைத்தவர் எந்த எருது? போன வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "எங்க பொண்ணு பன்றி வருஷம், மனசு தங்கம், ஒரே உக்காரல்ல இருபத்தெட்டு கொழுக்கட்டை சாப்பிடுவா" என்று பெருமையாகச் சொல்லி அந்த இடத்தைக் கலைத்தது யார்? நான் சாப்பிட்டது பத்தொன்பது.

மெங் அத்தையிடம் உங்களுக்காக நான் பேசாமல் இல்லை.

"அத்தை, அவரு புலியெல்லாம் இல்ல, பூனைதான். சத்தம் மட்டும்தான் பெருசு" என்றேன்.

"பூனையா இருந்தா பரவால்லம்மா. பூனைக்குத்தான் வருஷமே கிடையாதே" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை, மாமா. அவருடைய மூத்த மகள் கல்யாணத்தில் புலி ஆண்டில் பிறந்த ஓர் அத்தை வாசலில் நின்று பெண்ணைப் பார்த்தாராம். அந்த மகளுக்கு இரண்டு கர்ப்பமும் நிற்கவில்லை. டாக்டர் வேறு காரணம்தான் சொன்னார் என்று அவரே சொல்கிறார். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் கை மேசைத் துணியின் ஓரத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் வாதாட முடியவில்லை.

அட்டையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடாதீர்கள். விருந்தில் தலைமை இருக்கை உங்களுக்குத்தான். அதை மட்டும் கேட்டு வாங்கிவிட்டேன். யார் சுமக்க வேண்டும் என்பதில் எனக்கும் ஓர் ஆசை இருந்தது. இந்த வரியை இரண்டு தடவை அடித்துவிட்டு மூன்றாவது தடவையாக எழுதியிருக்கிறேன். பதில் வேண்டாம்.

ருயிலான்

*

பைஹே
21 நவம்பர் 1994

அறிவும் கோபமும் நிறைந்த ருயிலானுக்கு,

உன் கடிதம் நான் பஸ் ஏறிய பிறகுதான் இங்கே வந்திருக்கிறது. திரும்பி வந்துதான் படித்தேன். ஆகவே நான் உன் சொல்லை மீறவில்லை. உன் சொல்தான் பஸ்ஸைத் தவறவிட்டது.

போவதற்கு முன்னால் பத்து நாள் எருதாக வாழ்ந்து பழகினேன். ஒரு தலைக்கு முடி வெட்ட ஆரம்பித்தால் வலது பக்கம் முடிப்பதற்குள் இடது பக்கம் காதை மூடிவிடும், அத்தனை நிதானம். ஒருவர் காலையில் கறுப்பு முடியோடு வந்து உட்கார்ந்து நரைத்து எழுந்து போனார். பக்கத்துக் கடை வினிகர் வியாபாரி பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"என்னாச்சு பாவ்லின்? முட்டைக்கோஸ் வெலய கேட்டுட்டு பேரம் பேசாம குடுத்துட்டு போறியாமே! சொத்த யாருக்கு எழுதி வச்சிருக்கே?"

நான் அசை போட்டேன்.

பிறகு புதுச் சட்டை போட்டுக்கொண்டு மெங் வீட்டுக்குப் போனேன். நீ வேலையில் இருந்தாய். மாப்பிள்ளை தெச்சுவானும் இல்லை. அவருடைய தாத்தா மட்டும் மூலையில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். மெங் அம்மாள் தேநீர் ஊற்றினார். எருது எப்படிக் குடிக்கும்? ஒரு கோப்பையை முக்கால் மணி நேரம் குடித்தேன்.

"நீங்க ரொம்ப பேசுவீங்கன்னு ருயிலான் சொன்னாளே, சம்பந்தி?"

"ம்."

"வழியில மழையா?"

"ம்."

என் வாழ்நாளில் ஒரே நாளில் இரண்டு "ம்" சொன்னது இதுதான் முதல் தடவை. தொண்டை புண்ணாகிவிட்டது. கடைசியில் அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தேன். அவர் ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஜனவரி எட்டு. அப்ப புத்தாண்டு வரலயே?"

"வரல."

"அப்படின்னா நீங்க எருதா?"

"நா எங்கே சொல்றேன்? அட்டை சொல்லுது."

ருயிலான், அவர் முகம் மலர்ந்துவிட்டது! நான் வராமல் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இல்லை, நீ சொன்னது சரிதான். இன்னொரு கோப்பை ஊற்றினார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். தோழியின் அண்ணனிடம் சொல்லிவிடு, அவர் பலத்தை வேறு யாருக்காவது பத்திரமாக வைத்திருக்கட்டும்.

வெற்றி கொண்ட எருது,
பாவ்லின்

*

லுவோயாங்
30 நவம்பர் 1994

மாமா,

தாத்தா தூங்கவில்லை.

நீங்கள் தெருமுனை திரும்பியதும் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி விரல் விட்டு எண்ணினாராம். அன்று சாயங்காலம் நான் அங்கே போனேன். தாத்தாவே என்னைக் கேட்டார்.

"உன் மாமன் எருதா? நல்லா பாத்து சொல்லு."

"அட்டையில அப்படித்தான் இருக்காம், தாத்தா" என்றேன்.

"நம்ம பய ஆடு. எருதும் ஆடும் நேருக்கு நேர் முட்டுற வருஷம்டி. புலின்னா அந்த நாளு மட்டும்தான் பக, அரை மணி நேரம் ஒதுங்கினா போச்சு. எருதுன்னா ஆயுசுக்கும் ஆகாது. அவன் தலைமை இருக்கையில உக்காந்தா மாப்பிள எங்க உக்காருவான்?"

ஆகவே இப்போது விருந்துக்கும் நீங்கள் வரக் கூடாது. அத்தை அழுதேவிட்டார். "நானே அவர எருதுன்னு நம்பி சந்தோஷப்பட்டேனே" என்று. தெச்சுவான் என்ன செய்தார் என்று கேட்காதீர்கள். ஆடு ஆண்டில் பிறந்தவர் என்ன செய்வார்? "யாரும் சண்ட போட்டுக்காதீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, நன்றாக இருக்கிற சைக்கிள் டயருக்குக் காற்று அடிக்கக் கீழே இறங்கிப் போனார்.

அந்த ஒரு இருக்கைக்காக நான் அக்டோபர் முழுக்கப் பேசினேன். ஒரு நாள் கொஞ்சம், அடுத்த நாள் கொஞ்சம். அம்மாவும் அப்பாவும் இல்லாத கல்யாணத்தில் என் பக்கத்துக்கு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் போதும் என்று கேட்டேன். நீங்கள் ஒரு கோப்பைத் தேநீர் குடித்து அதைக் கலைத்துவிட்டீர்கள்.

பன்றி ஆண்டில் பிறந்தவர்கள் சீக்கிரம் மன்னித்துவிடுவார்கள் என்பார்கள். எனக்கு இந்தத் தடவை கொஞ்சம் நாளாகும்.

ருயிலான்

*

பைஹே
8 டிசம்பர் 1994

ருயிலான்,

இந்தக் கடிதத்தில் கதை இல்லை.

உன் கடிதம் பஸ்ஸைத் தவறவிடவில்லை. என் சட்டைப் பையில்தான் இருந்தது. மூன்று தடவை படித்துவிட்டுத்தான் மெங் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

இன்று மெங் அம்மாளுக்குத் தனியாக ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். நான் பிறந்தது நிலாக் கணக்கில் முதல் மாதம் எட்டாம் நாள், நான் புலி, நேற்றும் புலி, நாளையும் புலி, அட்டையில் இருப்பது எழுத்தரின் பிழை, அது பிழை என்று தெரிந்தே உங்கள் மேசை மேல் வைத்தேன் என்று எழுதினேன். உங்கள் மூத்த மகளுக்கு நேர்ந்ததை ருயிலான் எழுதியிருந்தாள், அதைப் படித்த பிறகும் வந்தேன், அதுதான் நான் செய்த தப்பு என்றும் எழுதினேன். விருந்துக்கு வரச் சொன்னால் வருகிறேன். சந்தில் எவ்வளவு நேரம் நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன். வர வேண்டாம் என்றால் அன்று கடையைத் திறந்து வைத்து முடி வெட்டுகிறேன்.

தோழியின் அண்ணனிடம் சில விஷயம் சொல்லு. உன் வீட்டு மாடிப்படியில் முதல் மாடிக்கு இறங்கும் இடத்தில் ஓர் ஓரம் உடைந்திருக்கிறது, சுவர்ப் பக்கமாகக் கால் வைக்கச் சொல்லு. அவசரப்பட வேண்டாம் என்று சொல்லு. நீ குழந்தையாக இருந்தபோதே முதுகில் ஏறினால் இடது பக்கம் சாய்வாய். அதையும் சொல்லு.

வேறு ஒன்றுமில்லை.

மாமா

*

லுவோயாங்
15 டிசம்பர் 1994

மாமா,

தனக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை அத்தை சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தார். தாத்தா போர்வையை விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். படித்து முடித்ததும் அத்தை கையெழுத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

"பொய் சொல்ற ஆம்பளய நெறய பாத்திருக்கேன். பொய் சொன்னேன்னு கையெழுத்து போட்டு அனுப்புற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

"அதான் சரியான புலி" என்றார் தாத்தா. "செய்யறதும் பெருசு, ஒத்துக்கறதும் பெருசு." அவர் விரல் விட்டு எண்ணவில்லை. இருக்கை திரும்பக் கிடைத்துவிட்டது.

நான் அதோடு எழுந்திருக்கலாம். ஆனால் எனக்கு நீங்கள் எழுதிய கடிதத்தின் கடைசிப் பத்தி நினைவிலேயே இருந்தது. அதனால் உட்கார்ந்தே இருந்தேன்.

"அத்தை, ஒண்ணு கேக்கறேன். புலி அங்க இருக்கக் கூடாதா, இல்ல பொண்ண பாக்கக் கூடாதா?"

"பாக்கக் கூடாதும்மா. கண்ணு படக் கூடாது. அதுதான் வழக்கம்."

"பொண்ணு எறங்கும்போது தெருவே நின்னு பாக்கும். அவள பாக்க முடியாத ஒரே ஆள் யாரு?"

அவர் யோசித்தார். தாத்தாதான் முதலில் சிரித்தார். பல் இல்லாத வாயால் அவ்வளவு பெரிய சிரிப்பு வரும் என்று எனக்குத் தெரியாது.

"சொமக்கறவன்!" என்றார். "முதுகுல இருக்கறவள எவன்டி பாப்பான்?"

அத்தை உடனே சம்மதிக்கவில்லை. மேசைத் துணியின் ஓரத்தைப் பிடித்தார், மடித்தார், விட்டுவிட்டார். பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். நீங்கள் என் அறைக்குள் பின்புறமாக நடந்து வர வேண்டும். கட்டிலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நிற்க வேண்டும், நானே ஏறிக்கொள்வேன். படிக்கட்டுக் கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். நாலு மாடி இறங்கி, காரில் என்னை உட்கார வைத்து, கதவைச் சாத்தும்வரை திரும்பக் கூடாது. அதுவரை பேசவும் கூடாது, ஏனென்றால் புலியின் சத்தமும் புலிதான்.

"கடைசி நிபந்தனை அவருக்குக் கஷ்டம், அத்தை" என்றேன்.

"தெரிஞ்சுதாம்மா வச்சேன்" என்றார்.

தோழியின் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவருக்கும் நிம்மதிதான், இடுப்பு வலியாம். இருபத்து மூன்றாம் தேதி மதியப் பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள். தோழி வீட்டில் தங்க இடம் இருக்கிறது.

நாளாகும் என்று எழுதியிருந்தேன். ஆகிவிட்டது.

ருயிலான்

*

பைஹே
3 ஜனவரி 1995

மெங் வீட்டு மருமகளாகிவிட்ட ருயிலானுக்கு,

உன் கல்யாணத்தை நீ சரியாகப் பார்த்திருக்க முடியாது. தலை குனிந்திருந்தாய். ஆகவே நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதிவைக்கும் கடமை எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நிபந்தனை நிபந்தனைதான் என்று நான் லுவோயாங் பஸ் நிலையத்திலிருந்தே பின்புறமாக நடந்து வந்தேன். வழியெல்லாம் ஜனங்கள் நான் ஊரை விட்டுப் போகிறேன் என்று நினைத்துக் கையசைத்தார்கள். இரண்டு பேர் அழுதார்கள். உன் அறைக்குள்ளும் அப்படியே நுழைந்து, கட்டில் காலில் மோதிக் குனிந்து நின்றேன். நீ ஏறினாய். நெசவாலையில் ஒரு வருடம் நெய்த துணி முழுவதையும் ஈரத்தோடு சுருட்டி யாரோ முதுகில் வைத்தது போல இருந்தது. அதைத் தூக்கி நிமிர்ந்தபோது கட்டடம் இரண்டு அங்குலம் பூமிக்குள் இறங்கியது. கீழ்வீட்டுக்காரர் கதவு இன்னும் திறக்கவில்லையாம், கேட்டுப் பார்.

படி எழுபத்திரண்டு என்று நீ சொல்வாய். அன்று நாலாயிரம். இடையில் எனக்கு இரண்டு தடவை பசித்தது. எனக்கு முன்னால் உன் மாமியார் பின்புறமாகவே இறங்கிக்கொண்டிருந்தார், என் கண் எங்கே போகிறது என்று காவல். நான் அவர் சட்டையின் மேல் பொத்தானைப் பார்த்தேன். வேறெங்கும் பார்க்கவில்லை. நாலு துளை உள்ள கறுப்புப் பொத்தான், ஒரு துளையில் நூல் பிரிந்திருந்தது. வாய்க்குள் சொற்கள் மோதின. நல்லா பிடிச்சுக்க, இடது பக்கம் சாயாதே, அக்கா இருந்திருந்தா என்று ஆயிரம் சொல். எல்லாவற்றையும் விழுங்கினேன். என் சட்டையில் இரண்டு பொத்தான் தெறித்துவிட்டது.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றேன். உன் மாமியார், "என்ன சம்பந்தி?" என்றார். பேசக் கூடாதே. வாயைத் திறந்து, நெஞ்சைத் தொட்டு, கொல்லன் துருத்தி போல மூச்சு வாங்கிக் காட்டினேன். "மெதுவா, மெதுவா, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். நீயும் மேலிருந்து என் காதோரமாக, "எறக்கி விடுங்க மாமா, நா நடந்து வரேன்" என்றாய். நான் தலையாட்டி மறுத்தேன். உன் மாமியார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காவலை விட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, அங்கே ஒட்டியிருந்த பழைய தண்ணீர் அறிவிப்பை எழுத்து எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தார். முழுதாகப் படித்து முடித்துவிட்டுத்தான் திரும்பினார். அதற்குப் பிறகுதான் நாம் இறங்கினோம்.

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் நான் வாய் திறந்தேன். அடைத்து வைத்திருந்த பேச்சு அத்தனையும் வெளியே வந்ததில் தெருவில் கட்டியிருந்த சிவப்புத் தோரணம் அடுத்த தெருவுக்குப் பறந்தது. விருந்தில் தலைமை இருக்கையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசினேன். தாத்தா என்னைவிட அதிகம் பேசினார். அவர் எந்த ஆண்டு என்று கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. உன்னை அன்று முதல் தடவையாக அங்கேதான் பார்த்தேன், பதினாறு மேசைகளுக்கு அப்பால், தெச்சுவானோடு ஒவ்வொருவருக்கும் மது ஊற்றிக்கொண்டு வந்தாய். என் மேசைக்கு வர வெகு நேரம் ஆயிற்று. வந்ததும் எல்லோரும் என்னை ஏதாவது சொல்லச் சொன்னார்கள். "ம்" என்றேன்.

இந்தக் கடிதத்தை ஒருவரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்ப வேண்டியதில்லை. கட்டடம் இறங்கவில்லை, தோரணம் பறக்கவில்லை, படி எழுபத்திரண்டுதான், நீயும் கனமில்லை. ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். இன்னும் இரண்டே மாடிதான் மிச்சம் என்றபோது, இரண்டாவது மாடித் திருப்பத்தில் நான் நின்றேன்.

எனக்கு மூச்சு வாங்கவில்லை.

மாமா